பூடுல் மிக்ஸ் குட்டி வாங்கப் போறீங்களா? முதல்ல தாய் நாய பாருங்க, அப்புறம் ஒரு நல்ல சீப்பு வாங்குங்க

எங்க வீட்ல நாய் பேச்சு ஆரம்பிச்சது ஸ்கூல் கேட்ல. இங்கிலாந்துல ரெடிங்ல இருக்கோம், சாயங்காலம் மூணே கால் மணி, பசங்கள கூப்பிட வந்த ஒரு அம்மா கையில டெடி பேர் மாதிரி சுருட்ட முடியோட ஒரு நாய், என் சின்னவன் ஓடிப்போய் அது கழுத்த கட்டிக்கிட்டான். அவனுக்கு வீசிங் இருக்கு, எக்ஸிமா இருக்கு, பூனை வளக்கற வீட்டுக்கு போனாலே கண்ணு சிவந்துரும், நான் பதறிப்போய் அவன இழுத்தா அந்தம்மா சிரிச்சுக்கிட்டே "பயப்படாதீங்க, இது கேவாப்பூ, முடி கொட்டாது, அலர்ஜியும் வராது"ன்னாங்க. முடிஞ்சுது கதை. அன்னிக்கு ராத்திரி பசங்க தூங்கினப்புறம் நானும் இவரும் ஃபோன்ல குட்டி படமா பாத்துட்டு பன்னெண்டு மணி வரைக்கும் உக்காந்திருந்தோம்.

அதுக்கப்புறம் நாய் வீட்டுக்கு வர ஒன்பது மாசம் ஆச்சு. இப்ப அதுக்கு ரெண்டரை வயசு. தெரிஞ்சவங்க யாராவது மாசத்துக்கு ஒருத்தர் "எங்க வாங்கினீங்க, எவ்வளவு, நெஜமாவே முடி கொட்டாதா"ன்னு கேக்கறாங்க, எல்லாருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்பி எனக்கு தொண்டை வறண்டு போச்சு, அதனால மொத்தமா எழுதிடறேன். நான் வெட்னு சொல்ற நாய் டாக்டரும் இல்ல, குட்டி போட வச்சு விக்கற ப்ரீடரும் இல்ல, ஒரு தடவ ஏமாந்து, ரெண்டாவது தடவ ஒழுங்கா விசாரிச்சு வாங்கின ஆளு, அவ்வளவுதான்.

பேருல குழம்பிக்காதீங்க. ஒரு பக்கம் பூடுல்ங்கற சுருட்ட முடி நாய், இன்னொரு பக்கம் வேற ஏதோ ஒரு இனம். கேவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியலோட சேத்தா கேவாப்பூ, காக்கர் ஸ்பானியலோட சேத்தா காக்கப்பூ, லேப்ரடாரோட லேப்ரடூடுல், கோல்டன் ரெட்ரீவரோட கோல்டன்டூடுல். காக்கப்பூ 1960கள்லயே அமெரிக்காவுல இருந்துச்சு. ஆனா இந்த ஃபேஷன கிளப்பி விட்டது ஆஸ்திரேலியாக்காரர் ஒருத்தர், வாலி கான்ரன். மெல்பர்ன் பக்கம் வழிகாட்டி நாய் பழக்கற சங்கத்துல வேலை பாத்தவர். ஹவாயில ஒரு கண் தெரியாத அம்மாவுக்கு வழிகாட்டி நாய் வேணும், ஆனா அவங்க வீட்டுக்காரருக்கு நாய் முடின்னா அலர்ஜி. இவர் வரிசையா பூடுல்களா பழக்கிப் பாத்தாரு, ஒண்ணும் வேலைக்கு ஆகல, கடைசில 1989ல ஒரு லேப்ரடாரையும் பூடுலையும் சேத்து விட்டாரு. மூணு குட்டி. மூணோட முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பி டெஸ்ட் பண்ணா, அந்த வீட்டுக்காரருக்கு ஒத்துக்கிட்டது ஒரே ஒரு குட்டிதான், சுல்தான்னு பேரு. கலப்பு நாய்னு சொன்னா வளக்க யாரும் முன்வர மாட்டேங்கறாங்கன்னு மனுஷன் "லேப்ரடூடுல்"னு புதுப் பேரு மாதிரி சொல்லிவிட்டாரு, அப்புறம் நின்னுச்சு பாருங்க கியூ. 2019ல ஆஸ்திரேலிய வானொலி பேட்டி ஒண்ணுல, ஏன்டா இத பண்ணோம்னு இருக்குங்கற மாதிரி அவரே பேசினாரு.

இந்தக் கதைய ஏன் இவ்வளவு நீட்டறேன்னா, அந்த மூணுல ஒண்ணு கணக்குதான் மொத்த விஷயமும். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே ஈத்து, அதுலயே ஒண்ணுதான் தேறுச்சு. ஆனா இன்னிக்கு விளம்பரத்துல ஒவ்வொரு குட்டிக்கும் "ஹைப்போஅலர்ஜெனிக்", அதாவது அலர்ஜி வராதுன்னு சீல் குத்தி விக்கறாங்க.

அலர்ஜிய முதல்ல பேசிருவோம், ஏன்னா நம்ம வீடுகள்ல பாதி பேரு இந்த ஒரு காரணத்துக்காகத்தான் இந்தப் பக்கமே வர்றோம். நாய் அலர்ஜி முடியால வர்றது இல்ல. நாயோட எச்சில்ல, தோல்ல உதிர்ற பொடுகு மாதிரி செதில்ல ஒரு புரதம் இருக்கு, கேன் எஃப் 1னு பேரு, தும்ம வைக்கறதுல முக்கியமான ஆளு அதுதான். முடி அத சுமந்துட்டு போற வண்டி, அவ்வளவுதான். முடி கொட்டாத நாயும் நக்கும், அதுக்கும் தோல் உதிரும். நெதர்லாந்துல ஒரு ஆராய்ச்சி பண்ணி 2012ல வெளியிட்டாங்க, பூடுல், லேப்ரடூடுல் எல்லாத்தையும் மத்த நாய்களோட வச்சு அளந்து பாத்தா, இந்த "அலர்ஜி இல்லாத" இனங்களோட முடியில அந்தப் புரதம் குறைவா இல்ல, அதிகமாவே இருந்துச்சு. வீட்டு தரை தூசியில மட்டும் லேப்ரடூடுல் வீடுகள்ல கொஞ்சம் கம்மி. அதனால சில பேருக்கு ஒத்துக்கும், சில பேருக்கு ஒத்துக்காது, முன்கூட்டி யாராலயும் சொல்ல முடியாது.

நாங்க என்ன பண்ணோம்னா, முதல்ல டாக்டர் கிட்ட கேட்டோம், அப்புறம் அந்த ஸ்கூல் கேட் அம்மா வீட்டுக்கே மூணு ஞாயித்துக்கிழமை போனோம். ஒரு தடவ பத்து நிமிஷம் கொஞ்சிட்டு வந்தா ஒண்ணும் தெரியாது, ஜன்னல் சாத்தின ரூம்ல ரெண்டு மணி நேரம் உக்காரணும். முதல் தடவ ஒண்ணும் ஆகல, எனக்கு ஒரே சந்தோஷம். ரெண்டாவது தடவ நாய் அவன் கன்னத்த நக்குச்சு, நக்கின இடம் மட்டும் பட்டை பட்டையா சிவந்துது, கழுவினதும் அரை மணில போயிருச்சு. மூணாவது தடவ அந்த நாய் படுத்த டவல வாங்கிட்டு வந்து அவன் தலகாணிக்கு பக்கத்துல ரெண்டு ராத்திரி போட்டோம், வீசிங் வரல. அதுக்கப்புறம்தான் சரின்னோம். இப்பவும் சட்டம் இருக்கு, நாய் மாடி ஏறக்கூடாது, அவன் மூஞ்சிய நக்க விடக்கூடாது, கொஞ்சினா கை கழுவணும். உங்க வீட்ல ஆஸ்துமா கொஞ்சம் மோசமா இருந்தா இந்த டவல் விளையாட்டெல்லாம் நீங்களா பண்ணாதீங்க, டாக்டர் சொல்றபடி பண்ணுங்க.

அடுத்தது எஃப்1, எஃப்1பின்னு விளம்பரத்துல ஓடற சங்கேத பாஷை. எஃப்1னா பூடுல் பாதி, இன்னொண்ணு பாதி. அந்த எஃப்1ஐ மறுபடி ஒரு பூடுலோட சேத்தா எஃப்1பி, முக்கால் பங்கு பூடுல், சுருட்டையும் அதிகம், கொட்டறதும் கம்மியா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. ரெண்டு எஃப்1ஐ சேத்தா எஃப்2, அது லாட்டரி சீட்டு, ஒரே ஈத்துல ஒண்ணு ஆட்டுக்குட்டி மாதிரி, ஒண்ணு ஸ்பானியல் மாதிரி வரும். குட்டிய பாக்கும்போது மூஞ்சிய பாருங்க. மீசை, தாடி, புருவம்னு முடி வச்சிருக்கற குட்டிங்க பொதுவா கம்மியா கொட்டும், மூஞ்சி வழவழன்னு இருந்தா ஹூவர, அதான் தூசி உறிஞ்சற மிஷின, ரெடியா வச்சுக்கோங்க. ஆறு வாரத்துலேருந்தே இது ஓரளவுக்கு கண்ணுக்கு தெரியும்.

இங்க ஒரு கேள்வி, யாருமே கேக்காதது. முடி கொட்டக்கூடாது, புத்திசாலியா இருக்கணும், அவ்வளவுதான் வேணும்னா நேரா பூடுலே வாங்கினா என்ன? நான் கேட்டதுக்கு இவர் "அந்த பாம்போம் வச்ச நாயா, நான் தெருவுல கூட்டிட்டு போக மாட்டேன்"னாரு. அந்த பந்து பந்தா வெட்டற ஸ்டைல் நம்ம இஷ்டம்தான், வெட்டாம விட்டா பூடுலும் டெடி பேர்தான். பூடுல் ஒண்ணும் சீமாட்டி மடியில உக்கார பொறந்த நாய் இல்ல, தண்ணில விழுந்த வாத்த எடுத்துட்டு வர பழக்கின வேட்டை நாய், பேரே தண்ணிய துழாவறதுங்கற ஜெர்மன் வார்த்தையிலேருந்து வந்ததுதான். டாய் 28 சென்டிமீட்டர் உயரத்துக்குள்ள, மினியேச்சர் 28லேருந்து 38, அதுக்கு மேல ஸ்டாண்டர்ட். என்ன வரும்னு முன்னாடியே தெரியணும்னா மிக்ஸ விட பூடுல்தான் நம்பகம். இத சொன்னா என்ன யாரும் கேக்கறது இல்ல, நானே கேக்கல.

சரி, மிக்ஸ்தான்னு முடிவு பண்ணிட்டா, பூடுல் பாதிய மறந்துட்டு மறு பாதிய யோசிங்க, குணமும் நோயும் அங்கேருந்தும் வரும். காக்கர் வேட்டைக்கு ஓடற ஸ்பானியல், அதையும் பூடுலையும் சேத்தா வர்றது ரெண்டு மூளை நாலு இன்ஜின், தினமும் நல்லா ஓட விட்டு மூக்குக்கு வேலை குடுக்கலன்னா சோபாவ பிரிச்சுரும். கேவலியர் மடி நாய், ஆனா தனியா விட்டா அழும், ஆபீஸ் போறவங்க யோசிக்கணும். லேப்ரடாரும் கோல்டனும் ஸ்டாண்டர்ட் பூடுலோட சேந்தா 25, 30 கிலோ நாய், இவருக்கு அதுதான் ஆசை, நாங்க ஓட்டறது யாரிஸ்னு ஒரு சின்ன கார், ரெண்டு பசங்க, அத்தை ஊர்லேருந்து வந்தா அஞ்சு பேரு, நாய எங்க கட்டறது, கூரை மேலயா? கேவாப்பூன்னு முடிவானது பாசத்தால இல்ல, கார் டிக்கியால.

நோய் விஷயம். "ரெண்டு இனம் கலந்தா ஆரோக்கியமா இருக்கும்"னு எல்லா ப்ரீடரும் ஒரு டயலாக் வச்சிருக்காங்க. 2024ல லண்டன் ராயல் வெட்னரி காலேஜ் ஆளுங்க காக்கப்பூ, கேவாப்பூ, லேப்ரடூடுல் மூணையும் அதுங்க தாய் தகப்பன் இனங்களோட 57 நோய்க்கு ஒப்பிட்டு பாத்தாங்க, கிட்டத்தட்ட 87 சதவீத ஒப்பீட்டுல வித்தியாசமே இல்ல. மோசமும் இல்ல, உசத்தியும் இல்ல. காரணம் யோசிச்சா புரியும், ரெண்டு இனத்துலயும் ஒரே கோளாறு இருந்தா கலந்தா எப்படி போகும்? பிஆர்ஏன்னு ஒரு கண் நோய், விழித்திரை கொஞ்சம் கொஞ்சமா செத்து நாய் குருடாயிரும், அதுல பிஆர்சிடிங்கற வகை காக்கர்லயும் இருக்கு, லேப்ரடார்லயும் இருக்கு, சின்ன பூடுல்லயும் இருக்கு. டிஎன்ஏ டெஸ்ட் இருக்கு, ரெண்டுல ஒரு பேரண்ட் "க்ளியர்"னு, அதாவது அந்த நோய் மரபணுவே இல்லன்னு வந்தா போதும், அந்தக் குட்டிங்களுக்கு அந்த நோய் வராது. டெஸ்ட்டே பண்ணாம "எங்க நாய்க்கு கண்ணு நல்லாத்தான் தெரியுது"ன்னா எந்திரிச்சு வந்துருங்க, நோய் வராம மரபணுவ மட்டும் சுமக்கற நாய்க்கு கண்ணு நல்லாத்தான் தெரியும்.

கேவலியர் பக்கம்னா இதயம். மைட்ரல் வால்வ் நோய் அந்த இனத்த பிடிச்ச சாபம், தாய்க்கு கார்டியாலஜிஸ்ட் பாத்த ரிப்போர்ட் கேளுங்க. இன்னொண்ணு மண்டையோடு சின்னதா இருந்து மூளை அமுங்கி தண்டுவடத்துல நீர் கோத்துக்கறது, எம்ஆர்ஐ எடுத்தாதான் தெரியும், அத எடுக்கற ப்ரீடர் கொஞ்சம் பேருதான். பெரிய டூடுல்னா இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே. இங்க இடுப்புக்கு மார்க் போடுவாங்க, ரெண்டு பக்கமும் சேத்து 0லேருந்து 106 வரைக்கும், கம்மியா இருந்தா நல்லது, பரீட்சை மார்க் மாதிரி நினைச்சு ஏமாந்துராதீங்க. சின்னதுன்னா முழங்கால் சில்லு நழுவுதான்னு கேளுங்க. எல்லாத்தையும் ரெண்டு பேரண்ட்டுக்கும் பேப்பர்ல பாக்கணும். "வெட் செக் ஆயிருச்சு"ன்னா குட்டிக்கு அன்னிக்கு ஜுரம் இல்லன்னு அர்த்தம், வேற ஒண்ணும் இல்ல.

இப்ப நாங்க ஏமாந்த கதை. ஒரு விளம்பரம், சிவப்பு கலர் கேவாப்பூ குட்டிங்க, அழகுன்னா அப்படி ஒரு அழகு. மெசேஜ் போட்டா அஞ்சு நிமிஷத்துல பதில், "நாலு பேரு கேட்டுட்டு இருக்காங்க, 200 பவுண்ட் அனுப்பினா உங்களுக்கு வச்சிடறேன்". இவர் அனுப்பிட்டாரு, நான்தான் அனுப்ப சொன்னேன், ரெண்டு பேரும் இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போட்டுக்கறோம். வீட்டு அட்ரஸ் கேட்டா, "நீங்க எதுக்கு அவ்வளவு தூரம் வரணும், மோட்டார்வே சர்வீஸ் ஸ்டேஷன்ல குட்டிய கொண்டு வந்து தர்றேன்". தாய் நாய்? "அது வெட் கிட்ட இருக்கு". அடுத்த நாள் வீடியோ கால் கேட்டேன், நம்பர் பிளாக். காசு போச்சு, ஆனா குட்டி கைக்கு வந்திருந்தா அதவிட செலவா போயிருக்கும், அந்த மாதிரி குட்டிங்க ஏதோ ஒரு கொட்டகையில பொறந்து வயித்துப்போக்கோட வர்ற குட்டிங்க.

இங்கிலாந்துல இதுக்கு சட்டமே இருக்கு, லூசிஸ் லா, 2020 ஏப்ரல் 6லேருந்து. வேல்ஸ்ல நாய்க்குட்டிங்கள ஃபேக்டரி மாதிரி உற்பத்தி பண்ற ஒரு இடத்துலேருந்து மீட்ட நாயோட பேரு லூசி, அதுவும் ஒரு கேவலியர்தான், அங்க ஈத்து மேல ஈத்து போட்டு முதுகு வளைஞ்சு போயிருந்துச்சு. அந்த சட்டப்படி ஆறு மாசத்துக்கு கீழ இருக்கற குட்டிய வியாபாரமா விக்கற இடைத்தரகர் இருக்கவே கூடாது, வளத்தவங்க கிட்டேருந்து நேரா வாங்கணும், இல்ல ரெஸ்க்யூன்னு சொல்ற நாய் காப்பகத்துலேருந்து எடுக்கணும். வருஷத்துக்கு மூணு ஈத்து இல்ல அதுக்கு மேல போட்டு விக்கறவங்களுக்கும், இத தொழிலா செய்யறவங்களுக்கும் உள்ளூர் கவுன்சில் லைசன்ஸ் வேணும், நம்பர் விளம்பரத்துலயே இருக்கணும், அத கவுன்சில் கிட்ட சரி பாக்கலாம். குட்டிய தாயோட வச்சு காட்டணும், எட்டு வாரத்துக்கு முன்னாடி குடுக்கக்கூடாது, குடுக்கும்போது தோலுக்கடியில அடையாளத்துக்கு வைக்கற மைக்ரோசிப் போட்டிருக்கணும். இதுல ஒண்ணு இடிச்சாலும் மேல பேசாதீங்க. பாவம் அந்தக் குட்டிய காப்பாத்தலாம்னு வாங்கினா, அந்தக் காசுல அந்தத் தாய் அடுத்த ஈத்து போடும்.

ரெண்டாவதா நாங்க போன ப்ரீடர எங்களுக்கு சொன்னது நாய் க்ரூமர், அதாவது நாய்க்கு முடி வெட்டி விடறவங்க. நல்ல வழி இது, உங்க ஏரியா க்ரூமர் கிட்டயும் வெட் நர்ஸ் கிட்டயும் கேளுங்க, எந்த வீட்டு குட்டிங்க ஒழுங்கா வருதுன்னு அவங்க கைக்கு தெரியும். போன் பண்ணா அந்தம்மா விலையே சொல்லல, எங்களதான் கேள்வி கேட்டாங்க, பகல்ல வீட்ல யாரு, தோட்டத்துக்கு வேலி எவ்வளவு உயரம், பசங்க வயசு என்ன, லீவுக்கு எங்க போவீங்க. இந்தியாவுக்கு நாலு வாரம்னதும் "அப்ப நாய்?"னாங்க. எனக்கு பொண்ணு பாக்க போன வீட்ல பையனோட சம்பள சீட்டு கேட்ட மாதிரி இருந்துச்சு. அப்படி கேக்கற ஆளுதான் வேணும். கேக்காம காசு வாங்கறவங்கதான் பிரச்சனை.

நேர்ல போனப்ப குட்டிங்களுக்கு அஞ்சு வாரம். சமையல் ரூம் ஓரத்துல ஒரு அடைப்பு, வாஷிங் மெஷின் ஓடிட்டு இருக்கு, ஒரு பையன் டிவி பாக்கறான், குட்டிங்க அந்த சத்தத்துல தூங்குது. அது முக்கியம், வீட்டு சத்தத்துல வளந்த குட்டி நம்ம குக்கர் விசிலுக்கு மிரளாது. தாய் நாய் எங்கள பாத்து ரெண்டு தடவ குரைச்சுது, அப்புறம் வந்து அந்தம்மா காலு மேல தன் பின்புறத்த வச்சு உக்காந்து எங்கள மோந்து பாத்துச்சு. நான் பாத்தது அதோட மடிய. பால் கட்டி தொங்கிட்டு இருந்துச்சு, காம்பு சுத்தி குட்டி நகம் கீறின கோடு கோடா தழும்பு, ஒரு குட்டி ஓடி வந்து முட்டினதும் அது நகந்து குடுத்துச்சு. இது இந்தக் குட்டிங்களோட அம்மாதான்னு எந்த சர்டிபிகேட்டும் வேண்டியதில்ல. சில இடத்துல வேற ஒரு நாய காட்டி தாய்னு சொல்லுவாங்களாம், மடி வத்திப்போயிருக்கும், குட்டி கிட்ட வந்தா அது முறைக்கும்.

தாய் பயந்து மூலைல ஒடுங்கினாலோ கடிக்க வந்தாலோ குட்டி எவ்வளவு அழகா இருந்தாலும் வேணாம். தகப்பன் பெரும்பாலும் வெளியூர் நாயா இருக்கும், பேப்பர் மட்டும் பாத்தா போதும். எந்தக் குட்டின்னு நாங்க தேர்ந்தெடுக்கல, எல்லாரும் ஓடி வந்து ஷூ லேஸ கடிக்கற குட்டிய தூக்குவாங்க, எங்க பெரியவளும் அததான் தூக்கினா. அந்தம்மா "அது ரௌடி, உங்க சின்னவனுக்கு ஆகாது"ன்னு பச்சை ரிப்பன் கட்டின ஒண்ண காட்டினாங்க, சாவிக்கொத்த கீழ போட்டா திரும்பி பாத்துட்டு மெதுவா வந்து மோந்து பாத்த குட்டி அது. அஞ்சு வாரம் கூடவே இருந்தவங்களுக்கு தெரியறது அரை மணி நேரம் பாத்த நமக்கு தெரியாது. கலருக்கு மட்டும் தனியா காசு குடுக்காதீங்க. சிவப்பு வெளுத்து ரெண்டு மூணு வயசுல பிஸ்கட் கலர் ஆயிரும், எங்களோடது இப்ப மாரி பிஸ்கட். புள்ளி புள்ளியா சாம்பல் பூத்த "மெர்ல்" பூடுல்ல இயற்கையா இல்லாத கலர், ரெண்டு மெர்ல சேத்து எடுத்தா செவிடும் குருடுமா குட்டி பொறக்கலாம். "டீகப்"னா அதவிட ஆபத்து, உடம்பு தேறாத சின்ன குட்டிய அழகு பேரு வச்சு விக்கறது.

நாங்க குடுத்தது 1,400 பவுண்ட். ஊருக்கு போன் பண்ணி சொன்னோம், அத்தை பாளையங்கோட்டை, அவங்க காதுல விழுந்தது பவுன். "ஆயிரத்தி நானூறு பவுனா! ஏட்டி, நாய்க்கா?" விளக்கி சொன்னப்புறமும் "அந்த துட்டுக்கு ரெண்டு கறவ மாடு புடிச்சிருக்கலாம்லா, எங்க வீட்ல நின்ன ராஜபாளையத்துக்கு நாங்க ஒரு மூட்ட நெல்லு கூட குடுக்கலயே"ன்னாங்க. தப்பு சொல்ல முடியாது. ஆனா குட்டி விலைதான் இருக்கறதுலயே சின்ன செலவு. க்ரூமருக்கு ஏழு வாரத்துக்கு ஒரு தடவ 55 பவுண்ட். இன்சூரன்ஸ்ல "லைஃப்டைம்" கவரா பாருங்க, மத்ததுல சிலதுல ஒரு நோய்க்கு பன்னெண்டு மாசம் குடுத்துட்டு அப்புறம் கை விரிச்சுருவாங்க, இதய நோய் வாழ்நாள் பூரா வர்றது. அப்புறம் இந்தியா ட்ரிப், நாள் ஒண்ணுக்கு 30 பவுண்ட், 28 நாள், 840. ஃப்ளைட் டிக்கெட் போடும்போது அதுக்கும் ஒரு சீட்டு போட்ட மாதிரி நினைச்சுக்கோங்க.

அப்புறம் முடி. இதுக்குதான் நான் இவ்வளவு நேரமா சுத்தி சுத்தி வர்றேன். எந்த நாய்க்கும் பழைய முடி செத்து உதிரத்தான் செய்யும். லேப்ரடாருக்கு அது தரையில விழும், நாம கூட்டுவோம். சுருட்ட முடி நாய்க்கு அது கீழ விழாம உள்ள இருக்கற முடியிலயே சிக்கிக்கிட்டு நிக்கும். ஹூவர் வேலை மிச்சம், சீப்பு வேலை கூடுது, வேலை எங்கயும் போகல. எட்டு மாசத்துக்கும் பதினாலு மாசத்துக்கும் நடுவுல குட்டி முடி போய் பெரிய முடி வரும், அப்ப ஒரு நாள் விட்டாலே சடை கட்டும்.

எங்களுக்கு நடந்தது அப்படித்தான். மேல பாத்தா பஞ்சு மாதிரி நல்லாத்தான் இருந்துச்சு, நான் தினமும் பிரஷ் வேற பண்ணிட்டு இருந்தேன். க்ரூமர் இரும்பு சீப்ப எடுத்து காதுக்கு பின்னாடி தோல ஒட்டி விட்டாங்க, ரெண்டு மில்லிமீட்டர் போயி டக்குனு நின்னுருச்சு. பிரஷ் மேல மேல போயிருக்கு, அடியில ஃபெல்ட் துணி மாதிரி ஒரு பாளம். அக்குள்ல, பெல்ட் உரசற நெஞ்சுல, தொடை இடுக்குல எல்லாம் அதே. போதாக்குறைக்கு நான் சிக்கோட குளிப்பாட்டிருக்கேன், தண்ணி பட்டா சிக்கு இன்னும் இறுகும். மிஷின் போட்டு வழிச்சுத்தான் எடுத்தாங்க, வீட்டுக்கு வந்தது உரிச்ச கோழி மாதிரி இருந்துச்சு, சின்னவன் "இது நம்ம நாய் இல்ல"ன்னு அழுதான். க்ரூமர் மேல கோபப்பட்டு பிரயோஜனம் இல்ல, இழுத்து சிக்கெடுத்தா நாய்க்கு உயிர் போகும்.

சரியான முறைய சொல்லிக் குடுத்தது யாருன்னா, ஆறு மாச விசாவுல இங்க வந்து "நாய வீட்டுக்குள்ளயா போட்டு வளக்கிய"ன்னு மூஞ்ச தூக்கி வச்சிருந்த எங்க அத்தை. நான் சீப்ப போட்டு இழுக்கறத பாத்துட்டு "பொம்பளபிள்ள வளத்தவளுக்கு சிக்கெடுக்க தெரியாதா, வேர ஒரு கையால புடிச்சுக்கிட்டு நுனியில இருந்துல்லா எடுக்கணும்"னு பிடுங்கிட்டாங்க. அதேதான். ஒரு கையால முடிய மேல ஒதுக்கி ஒரு வகிடு எடுத்து, தோல் தெரியற மாதிரி, நுனியிலேருந்து வேருக்கு சீவணும், அப்புறம் அடுத்த வகிடு. முதல்ல மெல்லிசு கம்பி பல்லு வச்ச ஸ்லிக்கர் பிரஷ், அப்புறம் இரும்பு சீப்பு, சீப்பு தோலு வரைக்கும் தடங்கல் இல்லாம போனாதான் முடிஞ்சுதுன்னு அர்த்தம். குட்டி வந்த முதல் வாரத்துலேருந்தே, சிக்கே இல்லன்னாலும், தினமும் ரெண்டு நிமிஷம் சீவி ஒரு துண்டு கேரட் குடுங்க, பழகிரும். காதையும் பாருங்க, தொங்கற காது, உள்ள முடி, ஈரம், பூஞ்சை வர்றதுக்கு தோதான இடம், புளிச்ச வாடை வந்தா வெட் கிட்ட போங்க. அத்தை இங்க இருந்த வரைக்கும் சாயங்காலம் சீரியல் பாத்துக்கிட்டே அவங்கதான் சீவுவாங்க, ஆனா சாமி அலமாரி பக்கம் அது வந்தா அதே சீப்பால ஒரு தட்டு.

நம்ம வீட்டு சமையல் கட்டுக்கு தனியா ஒரு எச்சரிக்கை. வெங்காயம், பூண்டு நாய்க்கு ரத்த அணுக்கள உடைக்கும், சாம்பார் சாதம், குழம்பு ஊத்தின மிச்சம் எதுவும் கூடாது. உலர் திராட்சை அதவிட மோசம், கிட்னிய காலி பண்ணும், எந்த அளவு ஆபத்துன்னு நாய்க்கு நாய் மாறும். ஒரு பொங்கலன்னிக்கு பாயசத்துலேருந்து விழுந்த நாலு திராட்சைய இது முழுங்கிருச்சு, உடனே எமர்ஜென்சி வெட், ஊசி போட்டு வாந்தி எடுக்க வச்சாங்க, நாலும் முழுசா வந்துது. சாக்லேட்டும், சக்கரை இல்லாத சூயிங்கம்ல இருக்கற சைலிடாலும் அதே லிஸ்ட்ல.

குட்டிதான் வேணுமா, வளந்த நாய் பரவாயில்லையான்னும் ஒரு தடவ யோசிங்க. டாக்ஸ் டிரஸ்ட், ப்ளூ கிராஸ், அப்புறம் பூடுல் மிக்ஸுக்குன்னே இருக்கற டூடுல் டிரஸ்ட்னு இங்க நாய்ங்கள தத்து குடுக்கற இடங்கள் இருக்கு. அங்க வர்ற டூடுல்ங்க நிறைய ஒரு வயசு ஒன்னரை வயசு, அதாவது முடி மாறி, உடம்பு பெருசாகி, குட்டி அழகு போன வயசு. முடி எப்படி, எடை எவ்வளவு, பசங்களோட எப்படின்னு எல்லாம் கண்ணு முன்னாடி தெரியும், உங்க வீட்ல அலர்ஜி இருந்தா எது ஒத்துக்கும்னு அந்த நாய வச்சே பாத்துக்கலாம். சின்ன பசங்க இருக்கற வீட்டுக்கு சில சமயம் தர மாட்டாங்க, எங்களுக்கு ரெண்டு தடவ இல்லன்னுட்டாங்க.

கூட்டிட்டு வர்ற அன்னிக்கு மைக்ரோசிப் பேப்பர கையோட வாங்குங்க, அதுல முதல் ஓனரா ப்ரீடர் பேரு இருக்கும், வீட்டுக்கு வந்த அன்னிக்கே ஆன்லைன்ல உங்க பேருக்கு மாத்துங்க, இல்லன்னா தொலைஞ்சா போன் அவங்களுக்கு போகும். அது சாப்பிட்டுட்டு இருந்த அதே தீவனம் ஒரு வாரத்துக்காவது, தாய் படுத்த துணி ஒரு துண்டு, அதையும் கேட்டு வாங்குங்க, முதல் நாலு ராத்திரி அந்தத் துணிதான் எங்கள தூங்க விட்டுச்சு. கிளம்பறதுக்கு முன்னாடி குட்டிக்கு சாப்பாடு வேணாம்னு ப்ரீடர் கிட்ட சொல்லி வைங்க. நாங்க சொல்லல. கிச்சன் ரோல் ஒண்ணுதான் வச்சிருந்தேன், எம்40 ஹைவேய தாண்டறதுக்குள்ள மூணு தடவ வாந்தி, ரெண்டு என் மடியில, ஒண்ணு இவரோட லேப்டாப் பையில.